மகுடம் இல்லாத தாய்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணையைத் தாண்டி, வெள்ளிமலைக்கு ஏறுகிற பேருந்தில் ஒரு முறையேனும் போய் வந்த தோழர்கள் அந்தக் காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். வளைந்து வளைந்து ஏறுகிறது சாலை. ஓரத்திலே, தலையில் சுமையோடு ஒதுங்கி நிற்கிறார்கள் கல்வராயன் மலைப் பெண்கள். சுமை விறகாக இருக்கும், கடுக்காயாக இருக்கும், மரவள்ளிக் கிழங்காக இருக்கும். பேருந்து கடந்து போகும் அந்த ஒரு நொடியிலே அவர்கள் நம்மைப் பார்க்கிறார்கள். நாமோ அவர்களைப் பார்ப்பதில்லை. மலையைப் பார்க்கிறோம், அருவி எங்கே என்று கேட்கிறோம்.

அந்தப் பெண்ணை யார் பார்த்தார்கள்? கோயில் சுவரிலே தேவியைத் தீட்டினார்கள். அவள் அங்கே இல்லை. அரண்மனை மண்டபத்திலே அரசியைத் தீட்டினார்கள். அவள் அங்கேயும் இல்லை. நாட்காட்டியிலே தாமரைமீது நிற்கும் திருமகளை அச்சிட்டார்கள். பட்டும் பொன்னும் அவளுக்கு ஏது? கரும்புக் கொல்லையில் கட்டுச் சுமப்பவள், களத்து மேட்டில் தூற்றுபவள், மலைச் சரிவில் சாமை விதைப்பவள், இவர்களுக்கு ஓவியத்திலே இடம் இல்லை. கலை என்பதே வயிறு நிறைந்தவர்களின் வீட்டுச் சொத்து என்று இருந்த காலம் நெடுங்காலம்.

அந்தக் காலத்தின் கதவை ஒரு பெண் தட்டினார். அவர் உழவன் வீட்டுப் பெண் அல்லர்; சீமான் வீட்டுப் பெண். தமிழ் மண்ணில் பிறந்தவரும் அல்லர், பிறந்தது ஐரோப்பாவிலே. வாழ்ந்தது 29 ஆண்டுகள்கூட இல்லை. ஆனால் அவர் 1935ஆம் ஆண்டில் சிம்லா மலையிலே தீட்டிய ஓர் ஓவியத்தின் பெயர் ‘மலைப் பெண்கள்’. தலையில் முக்காடு, உடல் முழுதும் போர்வை, கண்ணிலே சொல்லாத துயரம். சேர்ந்து நிற்கிறார்கள், ஆனால் பேசிக்கொள்ளவில்லை. அந்தப் படத்தை 1978இல் இந்திய அரசு அஞ்சல்தலையாகவே வெளியிட்டது. கல்வராயன் மலைக்காரி ஒருத்தியின் கையிலே அந்த அஞ்சல்தலையைக் கொடுத்தால், இவர்கள் எந்த ஊர் என்று கேட்கமாட்டாள். எங்கள் ஊர்க்காரி போல இருக்கிறாளே என்றுதான் வியப்பாள்.

அதைத் தீட்டியவர் அமிர்தா ஷெர்கில்.

1913ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள், அங்கேரி நாட்டுத் தலைநகர் புடாபெஸ்ட்டில் பிறந்தார். தந்தை உம்ராவ் சிங் ஷெர்கில், பஞ்சாபில் மஜீதியா என்னும் பெருங்குடியைச் சேர்ந்த சீக்கியர். வடமொழியும் பாரசீகமும் கற்றவர், புகைப்படக் கலையிலே பித்துக்கொண்டவர். தாய் மரியா அந்துவானெத், அங்கேரி நாட்டு இசைப் பாடகி. முதல் உலகப் போர் மூண்டதால் குடும்பம் அங்கேரியிலேயே தங்கிவிட்டது. 1921இல்தான் இந்தியாவுக்கு வந்து சிம்லாவில் குடியேறியது. வெள்ளைக்கார அதிகாரிகள் கோடை வெயிலுக்குத் தப்பி வந்து கொலுவிருந்த ஊர் சிம்லா. அங்கே பியானோ வாசிப்பும் நாடகமும் படம் வரைதலுமாக வளர்ந்தாள் சிறுமி அமிர்தா.

பள்ளியிலே ஒரு நிகழ்ச்சி. கிறித்தவக் கன்னிமாடத்துப் பள்ளி. வழிபாட்டுக்குப் போயே தீரவேண்டும் என்பது விதி. தனக்கு நம்பிக்கை இல்லாத சடங்கிலே தான் ஏன் மண்டியிட வேண்டும் என்று அந்தச் சிறுமி எண்ணினாள். எண்ணியதை மறைக்கவும் இல்லை. பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டாள். பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண், ஊர் மெச்சும் பள்ளி ஒன்றின் கதவு தன் முகத்திலே சாத்தப்பட்டபோதும் மனம் கலங்கவில்லை. பின்னாளில் எத்தனையோ கண்காட்சிக் கதவுகள் சாத்தப்பட்டபோதும் கலங்காத நெஞ்சு அங்கேதான் உருவாயிற்று.

1929இல், 16 வயதிலே, பாரிஸ் நகரம். ஓவியம் பயில்வதற்கென்றே குடும்பம் முழுவதும் பெயர்ந்து போயிற்று. எக்கோல் தெ பொசார் என்னும் புகழ்பெற்ற கலைப் பள்ளியிலே லூசியான் சீமோன் என்ற ஆசிரியரிடம் பயின்றார். 1932இல் தீட்டிய ‘இளம் பெண்கள்’ என்ற படம் 1933இல் பாரிஸ் கலைக் கண்காட்சியிலே தங்கப் பதக்கம் பெற்றது. அந்தச் சபையிலே இணை உறுப்பினராகவும் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். அத்தனை இளைய வயதில் அந்தச் சிறப்பைப் பெற்றவர் அரியர்.

இங்கே நின்று எண்ணிப் பாருங்கள், தோழர்களே! இருபது வயது. பாரிஸ் நகரத்துப் பாராட்டு. செல்வக் குடும்பம். அழகான முகம். அங்கேயே இருந்திருந்தால் சீமாட்டிகளின் உருவத்தைத் தீட்டிப் பணம் குவித்திருக்கலாம். ஆனால் அவருடைய உள்ளம் அங்கே நிற்கவில்லை. ஓவியராகத் தம் விதி இந்தியாவில்தான் இருக்கிறது என்று உறுதி கொண்டார். 1934ஆம் ஆண்டின் இறுதியிலே திரும்பி வந்தார்.

திரும்பி வந்த கண்ணுக்கு எது பட்டது? தாஜ்மகாலா? அரசர்களின் யானை ஊர்வலமா? அல்ல. குளிரிலே குறுகி நிற்கும் மலைவாசிகளின் மெலிந்த உடல் பட்டது. கிராமத்துத் திண்ணையிலே எதற்கோ காத்திருப்பது போல உட்கார்ந்திருக்கும் பெண்கள் பட்டார்கள். 1935ஆம் ஆண்டு ஒன்றிலேயே ‘மலை ஆண்கள்’, ‘மலைப் பெண்கள்’, ‘மூன்று பெண்கள்’, ‘இந்தியத் தாய்’ என்று படங்கள் வரிசையாகப் பிறந்தன.

‘மூன்று பெண்கள்’ படத்தைப் பாருங்கள். மூன்று இளம்பெண்கள். உடை வண்ண வண்ணமானது, முகமோ வாடியது. ஒருத்தியும் நம்மைப் பார்க்கவில்லை. கல்யாணப் பேச்சு உள்ளே நடந்துகொண்டிருக்கிறது, தங்களைக் கேட்காமலே தங்கள் வாழ்வு முடிவாகிக்கொண்டிருக்கிறது என்பது போன்ற அமைதி. நம் வீட்டிலே, பெண் பார்க்க வந்தவர்கள் கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது, அடுப்பங்கரையிலே தலை குனிந்து நிற்கும் தங்கையின் முகத்தை அண்ணன் ஒருவன் உற்றுப் பார்த்ததுண்டா? பார்த்திருந்தால் இந்தப் படம் அவனுக்குப் புரியும். பம்பாய்க் கலைச் சங்கம் 1937இல் இதற்குத் தங்கப் பதக்கம் அளித்தது.

‘இந்தியத் தாய்’ என்ற படத்திலேதான் அவருடைய துணிவு முழுதாகத் தெரிகிறது. நாட்டைத் தாயாக, தேவியாக உருவகப்படுத்துவது அந்த நாளில் பெருவழக்கு. வங்கத்தில் அவனீந்திரநாத் தாகூர் 1905இலேயே பாரத மாதாவைத் தீட்டியிருந்தார்: காவி உடை, நான்கு கைகள், ஒளிவட்டம். அதற்கும் முன்னே திருவிதாங்கூர் நாட்டு ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் நிறுவி, திருமகளையும் கலைமகளையும் வண்ணப் படங்களாக்கி வீடுதோறும் அனுப்பிவிட்டார். அதை நாம் குறைத்துப் பேச வேண்டியதில்லை. கோயில் வாயிலில் நிறுத்தப்பட்ட மக்களின் குடிசைக்குள்ளேயும் அந்தக் காகித தேவி நுழைந்தாள். அர்ச்சகரிடம் அனுமதி கேட்கவில்லை. அது ஒரு புரட்சிதான். ஆனால் அந்தத் தேவியின் முகத்திலே பசி இல்லை. அவள் கையிலே காப்பு உண்டு, காய்ப்பு இல்லை.

அமிர்தா தீட்டிய தாய்க்கு இரண்டே கைகள். மகுடம் இல்லை. ஒளிவட்டம் இல்லை. சிங்கம் இல்லை. ஏழைப் பெண் ஒருத்தி, கருத்த மேனி, பக்கத்திலே ஒரு மகன், ஒரு மகள். அவ்வளவுதான். இவள்தான் இந்தியத் தாய் என்று பெயர் சூட்டினார் 22 வயதுப் பெண். மேடை போட்டு ஆயிரம் பேர் முழங்கிய உண்மையை ஒரு துணிச் சட்டத்துக்குள்ளே அடக்கிக் காட்டினார். நாடு என்பது வரைபடம் அல்ல, தேர் அல்ல, கொடிமரம் அல்ல. நாடு என்பது பிள்ளைக்குச் சோறு எங்கே என்று கவலைப்படும் தாய்.

அதே 1935இல் சிம்லாக் கலைச் சங்கம் அவருடைய படங்களில் சிலவற்றைத் தள்ளிவிட்டு, ஒன்றுக்கு மட்டும் பரிசு கொடுத்தது. பரிசைத் திருப்பி அனுப்பிவிட்டார். கொடுத்ததை வாங்கிக்கொண்டு பல்லைக் காட்டும் பழக்கம் அவருக்கு இல்லை.

1936ஆம் ஆண்டின் இறுதியிலே தெற்கு நோக்கிப் புறப்பட்டார். பம்பாயிலே கண்காட்சி, பிறகு அஜந்தா, எல்லோரா. அஜந்தாக் குகைகளிலே அவர் கண்டது அவருக்குப் பாடசாலை ஆயிற்று. துறவிகள் தங்கிய குகை அது. ஆசையை அறுத்தவர்கள் உறங்கிய இடம். ஆனால் அந்தச் சுவரிலே என்ன இருக்கிறது? தலை வாரும் பெண், வாடிச் சாயும் அரசி, தோழியின் தோளிலே கை வைத்த மங்கை. துறவும் பெண்மையும் பகையல்ல என்று பல நூற்றாண்டுக்கு முன்னே பெயர் தெரியாத ஓவியத் தொழிலாளிகள் எழுதி வைத்த சாட்சி அது. பெயர் தெரியாதவர்கள் என்பதை மறவாதீர்கள்! குகையைக் குடையச் செய்த அரசனின் பெயரும் அமைச்சனின் பெயரும் கல்வெட்டில் இருக்கிறது. தூரிகை பிடித்தவன் பெயர் இல்லை.

அங்கிருந்து ஐதராபாத். பெருஞ்செல்வரான நவாப் சாலார் ஜங் அவருடைய படங்களைத் தருவித்துப் பார்த்தார், வாங்காமலே திருப்பிவிட்டார். மைசூர் அரண்மனையும் ரவிவர்மாவின் படங்களையே விரும்பியது. அரண்மனைக்குப் பட்டுப் புடவை வேண்டும். அமிர்தாவிடம் இருந்ததோ அழுக்குப் போர்வை. பிறகு திருவிதாங்கூர், குமரிமுனை, பத்மநாபபுரம், கொச்சி. திருவிதாங்கூரிலே எல்லாச் சாதியினருக்கும் கோயிலைத் திறந்துவிடும் ஆணை பிறந்தது 1936 நவம்பர் 12ஆம் நாள். அடுத்த சில மாதங்களுக்குள்ளேதான் அவர் அந்த மண்ணை மிதித்தார். தமிழ்நாட்டிலோ மதுரை மீனாட்சி கோயிலின் கதவு தாழ்த்தப்பட்டோருக்குத் திறக்க 1939 ஆயிற்று. பத்மநாபபுரம் அரண்மனைச் சுவரோவியங்களையும் கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களையும் கண்டு மெய்மறந்தார். அந்தப் பத்மநாபபுரமும் குமரிமுனையும் 1956இல் தமிழ் மாநிலத்தோடு சேர்ந்தன என்பது நம் நெஞ்சுக்கு நெருக்கமான செய்தி.

குமரியிலே பழம் விற்கும் பெண்களைத் தீட்டினார். வடக்கே திரும்பியதும், தென்னாட்டு நினைவிலே மூன்று பெரும் படங்கள் தீட்டினார். 1937ஆம் ஆண்டுப் படைப்புகள். ‘மணப்பெண் அலங்காரம்’ ஒன்று. ‘பிரம்மச்சாரிகள்’ ஒன்று. ‘சந்தைக்குப் போகும் தென்னிந்தியக் கிராமத்தார்’ ஒன்று. கலை அறிஞர்கள் இம்மூன்றையும் சேர்த்தே பேசுவார்கள்.

‘பிரம்மச்சாரிகள்’ என்றதும் நம் தோழர்களில் சிலர் முகம் சுளிக்கக் கூடும். மார்பிலே நூல், இடுப்பிலே வெள்ளை வேட்டி, வரிசையாக அமர்ந்த இளைஞர்கள். இதையா பாராட்டுவது என்று கேட்பார்கள். பொறுமையாகப் பாருங்கள். அவர் அவர்களைக் கும்பிடவும் இல்லை. கேலி செய்யவும் இல்லை. மேனி நிறம் பலவகை. ஒருவன் வெளுப்பு, ஒருவன் கறுப்பு. உடல் மெலிந்தது. கண்ணிலே இளமைக்கு உரிய துள்ளல் இல்லை. விரதம் என்னும் கட்டளைக்குள்ளே உட்கார வைக்கப்பட்ட பிள்ளைகள் அவர்கள். மந்திரம் தெரியவில்லை அந்தப் படத்திலே, மனிதன் தெரிகிறான். சமயத்தின் பெயரால் நடப்பதை எதிர்க்கிற நமக்கும் அதிலே பாடம் உண்டு: எதிரே இருப்பவனின் நூலை மட்டும் பார்த்து, அவன் நெஞ்சைப் பார்க்காமல் விடுவது பகுத்தறிவு ஆகாது.

‘மணப்பெண் அலங்காரம்’ படத்திலே மணமகள் நடுவே இருக்கிறாள். பெண்கள் சூழ்ந்து அவளை ஒப்பனை செய்கிறார்கள். அஜந்தாவின் நிழல் அதிலே நன்றாகத் தெரிகிறது. ஆனால் கல்யாண வீட்டுக் கலகலப்பு எங்கே? சிரிப்பு எங்கே? பலிக்குப் போகும் ஆட்டுக்கு மாலை சூட்டுவது போன்ற மௌனம். குழந்தை மணத்தைத் தடுக்கும் சட்டம் 1929இலேயே வந்துவிட்டது. ஆனாலும் ஏட்டிலே இருந்த சட்டம் வீட்டிலே நுழையவில்லை. 1936இல் சிறுமி ஒருத்தியை மணமகளாகவே தீட்டினார் அமிர்தா. சட்டம் பேசாத இடத்திலே சித்திரம் பேசிற்று.

மூன்றாவது படம் நம்முடைய படம். சந்தைக்குப் போகும் ஏழைகள். கறுப்பு மேனியை அத்தனை பெருமையோடு அதற்கு முன்னே யார் தீட்டினார்கள்? வெளுத்த தோலுக்கே அழகு என்று சொல்லிச் சொல்லி நம்மை நாமே வெறுக்கப் பழக்கிய நாட்டிலே, வெயில் காய்ச்சிய தோலின் செம்பழுப்பும் கருமையும் எத்தனை கம்பீரம் என்று காட்டினார், பாதி ஐரோப்பிய இரத்தம் ஓடிய ஒரு பெண். கள்ளக்குறிச்சிச் சந்தைக்குக் கூடை சுமந்து வருகிற நம் தாய்மார்கள், அந்தப் படத்துக்குள்ளே நடந்து போகிறவர்களுக்கு உடன்பிறந்தவர்கள்.

ஆன்மிகம் என்ற சொல்லைக் கேட்டதும் சிலருக்குப் பீடமும் பாதகாணிக்கையும் நினைவுக்கு வருகின்றன. குற்றம் அவர்களுடையது அல்ல. அந்தச் சொல்லை அப்படி ஆக்கிவிட்டவர்களுடையது. அமிர்தாவின் படங்களிலே அது வேறு பொருள் பெறுகிறது. ஒரு மனித உயிர் தன்னோடு தனித்திருக்கும் நேரம் உண்டல்லவா? வேலை முடிந்து, விளக்கு ஏற்றுவதற்கு முன்னே, வாசற்படியிலே ஒரு பெண் சும்மா உட்காருகிறாளே, அந்த நேரம். அப்போது அவள் யாருக்கும் மனைவி அல்ல, தாய் அல்ல, கூலிக்காரி அல்ல. அவள் அவளாக இருக்கிறாள். அந்த நேரத்தைத்தான் அவர் தீட்டினார். கோயிலுக்குள்ளே தேடிய அமைதியை மண் திண்ணையிலே கண்டார். பெண்மை என்பதும் அவருக்கு நாணமோ நளினமோ அல்ல. பொறுத்துப் பொறுத்துக் கனத்துப் போன நெஞ்சு அது. உடையாமல் நிற்கும் உறுதி அது.

1938 ஜூலையிலே அங்கேரிக்குப் போய், தாய்வழி உறவினரான விக்டர் ஈகான் என்ற மருத்துவரை மணந்தார். அவர் அங்கேரியிலே இருந்த அந்தக் காலத்தில், சிம்லாவில் பெற்றோர் அவருக்கு வந்த கடிதங்கள் பலவற்றை எரித்துவிட்டனர். நேரு எழுதிய கடிதங்களும் அந்தத் தீயிலே போயின. பெண் ஒருத்தி நாட்டுத் தலைவரோடு நட்புக் கொண்டு எழுதியதும் பெற்றதும் குடும்ப மானத்தின் பெயரால் சாம்பலாயின. சீமான் வீடாயினும் பெண் பெண்தானே! பாரிஸ் பதக்கம்கூட அவர் பெட்டியின் பூட்டைக் காக்கவில்லை.

1939இல், உலகப் போர் மூளும் வேளையிலே, கணவனும் மனைவியும் இந்தியாவுக்கு வந்தனர். பின்னர் தங்கியது கோரக்பூர் பகுதியிலே, சரையா என்ற ஊரில். அங்கே குடும்பத்துக்குச் சர்க்கரை ஆலை இருந்தது. சுற்றிலும் கரும்புக் காடு. 1922இல் நாட்டையே உலுக்கிய சௌரி சௌரா அதன் அருகேதான் இருக்கிறது. ஆலைக்கும் கரும்புக்கும் நடுவே வாழும் கள்ளக்குறிச்சித் தோழர்களுக்கு அந்த ஊரை விளக்க வேண்டியதில்லை. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் ஆலை ஓடும் பருவத்திலே வீசுகிற அதே வெல்லப்பாகு வாடைதான் அங்கேயும் வீசியிருக்கும். விக்டர் அங்கே மருத்துவம் பார்த்தார். அமிர்தா தூரிகை பிடித்தார். 1940இல் ‘மஞ்சள் அரைப்போர்’, ‘மணப்பெண்’, ‘ஊஞ்சல்’, ‘கயிற்றுக்கட்டிலில் பெண்’ என்று படங்கள் பிறந்தன. முகலாயச் சிறுபடங்களின் சாயலும் மலைநாட்டு இராஜபுத்திரப் படங்களின் வண்ணமும் அவற்றிலே சேர்ந்தன. வெளிப்புழக்கம் இன்றி வீட்டுக்குள்ளேயே அடைபட்ட பெண்களின் வாழ்வு அவற்றின் உயிர்.

குறையையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது புகழ்மாலை ஆகிவிடும், வரலாறு ஆகாது. ஆலைக்காரர் வீட்டுப் பெண் அவர். அவருக்கு முன்னே உருவம் காட்டி உட்கார்ந்தவர்களில் வேலைக்காரர்களும் ஏழைகளும் உண்டு. கரும்பு வெட்டியவனின் கூலி என்ன, ஆலைக்காரரின் ஆதாயம் என்ன என்ற கணக்கு அவருடைய படங்களிலே இல்லை. அவருடைய ஏழைகள் துயரப்படுகிறார்கள், எழுந்து நிற்பதில்லை. முட்டி உயர்த்திய கை ஒன்றுகூட அங்கே கிடையாது. ஏழ்மையிலே அழகைக் கண்டவர், ஏழ்மையின் காரணத்தைத் தேடிச் செல்லவில்லை என்று ஒருவர் குறை சொன்னால், அதை மறுக்க முடியாது.

ஆனால் மறுபக்கமும் உண்டு. காணாதவனைக் காணச் செய்வது போராட்டத்தின் முதற்படி அல்லவா? இல்லை என்று சொல்லப்பட்டவளை, இதோ இருக்கிறாள் என்று சுட்டுவது சிறிய தொண்டா? இரக்கத்துக்காக ஏழையை அழவைத்துக் காட்டுபவர்கள் உண்டு. அமிர்தா அப்படிச் செய்யவில்லை. அவருடைய ஏழைப் பெண் கை நீட்டவில்லை, கண்ணீர் வடிக்கவில்லை. சிம்மாசனத்திலே இருப்பவளைப் போல அமர்ந்திருக்கிறாள். பிச்சை போடத் தோன்றாது அவளுக்கு. எழுந்து வழிவிடத் தோன்றும்.

1941 செப்டம்பரில் லாகூர் நகருக்குக் குடிபெயர்ந்தனர். டிசம்பரிலே அங்கே தனிக் கண்காட்சி என்று ஏற்பாடு. அது திறப்பதற்குச் சில நாட்களே இருந்தன. திடீரென நோய் கண்டது. டிசம்பர் 5ஆம் நாள் இரவு உயிர் பிரிந்தது. வயது 28. மாடியிலிருந்து தெரிந்த கூரைகளையும் எருமைகளையும் தீட்டத் தொடங்கியிருந்த கடைசிப் படம் முடியாமலே நின்றது. அந்த நாட்களிலேதான் பிரிட்டன் அங்கேரிமீது போர் அறிவித்தது. அங்கேரி நாட்டவர் என்ற குற்றத்துக்காக, மனைவியை இழந்த விக்டரைப் பகைநாட்டான் என்று காவலில் வைத்தார்கள். மகளின் பிரிவைத் தாங்காத தாய் 1948இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

1954இல் டில்லியிலே தேசிய நவீனக் கலைக் கூடம் திறந்தபோது, அமிர்தாவின் படங்களே அதன் முதற் செல்வம் ஆயின. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட அவர் படங்கள் அங்கே இருக்கின்றன. 1976இல் அவருடைய படைப்புகளைத் தேசியக் கலைச் செல்வம் என்று அரசு அறிவித்தது. நாட்டை விட்டு வெளியே விற்கக் கூடாது என்பது சட்டம்.

1976! அந்த ஆண்டைக் கல்வராயன் மலை மக்களும் மறக்கமாட்டார்கள். வெள்ளைக்காரன் போய்ப் பல ஆண்டு ஆகியும் அந்த மலையிலே ஜாகீர்தார் ஆட்சி போகவில்லை. சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்ற மூன்று ஜாகீர்களின் கீழே மலையாளிப் பழங்குடி மக்கள் வரி கொடுத்தார்கள், கூலியில்லாமல் வேலையும் செய்தார்கள். 1976இல்தான் அந்த ஜாகீர் முடிந்து மலை அரசின்கீழ் முழுதாக வந்தது. நாடெங்கும் கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் இயற்றப்பட்டதும் அதே 1976இல். மலைப் பெண்ணின் படம் தேசியச் செல்வம் ஆன ஆண்டும், மலைப் பெண் கொத்தடிமை அல்ல என்று ஆன ஆண்டும் ஒன்றே! படத்துக்கு மதிப்பு வந்துவிட்டது. படத்திலே இருப்பவளுக்கு?

2023 செப்டம்பரிலே அமிர்தா 1937இல் தீட்டிய ‘கதை சொல்பவர்’ என்ற படம் 61 கோடியே 80 இலட்சம் ரூபாய்க்கு ஏலம் போயிற்று. அந்நாள் வரை எந்த இந்திய ஓவியமும் அவ்வளவு விலை பெற்றதில்லை. படத்திலே இருப்பவர்கள் யார்? கயிற்றுக்கட்டில் போட்டுக் கதை கேட்கும் எளிய மக்கள். அவர்களுடைய ஒரு மாலைப்பொழுதின் விலை 61 கோடியே 80 இலட்சம். அவர்களுடைய ஒரு பகற்பொழுதின் கூலி எவ்வளவு இருந்திருக்கும்? கணக்கைத் தோழர்களே போட்டுக்கொள்ளலாம்.

நம் மாவட்டத்தின் கதையும் இதுதான். 2019 நவம்பரிலே கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆயிற்று. 2024 ஜூனிலே விஷச் சாராயம் 60க்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தபோது, இந்தியா முழுவதும் இருந்து ஒளிப்படக் கருவிகள் கருணாபுரத்துக்கு வந்தன. நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுத பெண்களைப் படம் பிடித்தன, போய்விட்டன. அழுகிற நேரத்திலே அவளைப் பார்த்தார்கள். அழுது முடித்து, மறுநாள் காலையிலே பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்ச எழுந்தாளே, அந்த முகத்தைப் பார்க்க யாரும் தங்கவில்லை. அமிர்தா தங்கியிருப்பார். அந்த மறுநாள் முகம்தான் அவருடைய ஓவியம்.

ஆகவே, தோழர்களே, இந்த வரலாற்றிலே நமக்கு இரண்டு வேலைகள் இருக்கின்றன. முதல் வேலை எளியது. அடுத்த முறை வெள்ளிமலைப் பேருந்திலே ஏறும்போது, அருவியைக் கேட்பதற்கு முன்னே ஓரத்தில் நிற்பவளைப் பாருங்கள். வீட்டுக்குப் போனதும், அடுப்படியிலே நிற்கும் தாயையும் தாரத்தையும் ஒரு நிமிடம், ஒன்றும் கேட்காமல், பாருங்கள். ஊரெல்லாம் உரிமை பேசிவிட்டு வீட்டிலே உத்தரவு போடுகிற பழக்கம் நம்மிலே பலரிடம் உண்டு. அது அங்கேதான் மாறத் தொடங்கும்.

இரண்டாவது வேலை பெரியது. இதுவரை மலைப் பெண்ணை மற்றவர்கள் தீட்டினார்கள். நல்ல உள்ளத்தோடு தீட்டினாலும் மேட்டிலிருந்தே தீட்டினார்கள். இனி அவளே தன்னைத் தீட்ட வேண்டும். கல்வராயன் மலையிலே உண்டு உறைவிடப் பள்ளியில் படிக்கிற சிறுமியின் கையிலே வண்ணப்பெட்டி ஒன்று இருக்கவேண்டும். அவளுக்குக் கற்றுக்கொடுக்க ஓவிய ஆசிரியர் ஒருவர் இருக்கவேண்டும். ஊராட்சிக் கூட்டத்திலே சாலை கேட்கிறோம், குடிநீர் கேட்கிறோம், மருத்துவமனை கேட்கிறோம். கேட்க வேண்டியவையே. அந்தப் பட்டியலின் கடைசியிலாவது இதையும் எழுதிக் கேளுங்கள். ஏழைப் பிள்ளைக்கு எதற்கு ஓவியம் என்று எவராவது சிரித்தால், 61 கோடியே 80 இலட்சம் ரூபாய்க் கதையை அவருக்குச் சொல்லுங்கள்.

என்றேனும் ஒரு நாள், அந்தச் சிறுமி வளர்ந்து தன் தாயைத் தீட்டுவாள். அந்தத் தாய்க்கும் மகுடம் இருக்காது. தலையிலே விறகுச் சுமைதான் இருக்கும். ஆனால் அந்தப் படத்திலே அவள் ஓரத்திலே ஒதுங்கி நிற்கமாட்டாள். நடுவிலே நிற்பாள்.